செல்வசிங் கொண்டுவந்த கவுன்சில்

செல்வசிங்கைப் பற்றிக் குவைத்தின் ஃபஹாஹீலில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். நானும் நல்லதாகத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் எனக்கு அவன்மேல் வயிற்றெரிச்சல் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். அவனுக்கோ வேறொருவன்மேல் வயிற்றெரிச்சல். இந்த இரண்டும் இல்லாமலிருந்தால் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் இன்றைக்கும் ஐந்து கமிட்டிகள் உட்கார்ந்திருக்கும்.

உடன்குடிக்குத் தெற்கே எங்களுக்கு ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். எண்பத்து நாலில், இருபது வயதில், ஒரே கம்பெனிக்கு ஏசி ஹெல்பராகக் குவைத்துக்கு வந்தோம். இரண்டாம் வருஷமே அவன் மெக்கானிக் ஆகிவிட்டான். கம்ப்ரஸரில் காதை வைத்துக் கேட்டே இன்ன பழுது என்று சொல்லிவிடுவான். நான் மீட்டரை மாட்டி, அரை மணி நேரம் பார்த்து, கடைசியில் அதையேதான் சொல்வேன். குவைத்தி வீடுகளில் நான் போய் மணியடித்தால், கதவைத் திறக்கும் அம்மா என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்து, "சிங் மாஃபி?" என்பார். சிங் வரலியா என்று அர்த்தம். இருபத்து நாலு வருஷம் இதைக் கேட்டவன் மனசு எப்படி இருக்கும்?

அவனுக்கு ஒரே ஒரு குறை. ஆயுளில் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஓட்டுப் போடும் வயது இருபத்தொன்று, அவனுக்கு இருபது. அதன்பிறகு எந்தத் தேர்தலும் அவனுடைய லீவோடு ஒத்துவரவில்லை. தொண்ணூறில் ஈராக் படை உள்ளே வந்தபோது ஜோர்டான் வழியாக ஊர் போய்ச் சேர்ந்தோம். அதனால் தொண்ணூற்றொன்று தேர்தலுக்கு ஊரில்தான் இருந்தோம். செல்வசிங் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி பூத்துக்குப் போனான். பட்டியலில் பெயர் இல்லை. "குவைத்துல இருக்கான்னு அடிச்சிட்டாங்க" என்றார் உட்கார்ந்திருந்த வாத்தியார். என் பெயரும் இல்லைதான். நான் டீ குடிக்கப் போய்விட்டேன். அவன் மத்தியானம்வரை பூத் வாசலிலேயே நின்றான்.

"எங்கயாவது ஒரு இடத்துல நம்மளையும் ஒரு ஆளா எண்ணணும்லடே" என்றான் அன்றைக்கு.

சண்டை ஓய்ந்து நாங்கள் குவைத்துக்குத் திரும்பினபிறகு, இப்படிப்பட்டவனுக்குச் சகலையாக வந்து வாய்த்தவன் ஷிபின். செல்வசிங்கின் மனைவி இன்பமணி ஃபஹாஹீலில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். அவள் தங்கை அக்ஸாவும் நர்ஸ். அக்ஸாவைக் கட்டப்போகிற பையன் என்று ஷிபினுக்குத் தொண்ணூற்றெட்டில் விசா எடுத்துக் கொடுத்து, எங்கள் வேனிலேயே ஹெல்பராக ஏற்றியவன் செல்வசிங். ஏணியைப் பிடிக்கக்கூட நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். 2001இல் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள் இங்கே வந்து நர்ஸ்களை அள்ளிக்கொண்டு போயின. அக்ஸா போனாள், அடுத்த வருஷம் ஷிபினும் போனான். இன்பமணியும் எழுதிப்போட நின்றாள். "குளிர் நமக்கு ஒத்துவராது" என்று செல்வசிங் தடுத்துவிட்டான். ஏசிக்காரனுக்குக் குளிர் ஒத்துவராதாம். இன்பமணி இதை மறக்கவில்லை, அவனை மறக்க விடவுமில்லை.

என் குடும்பம் ஊரில். அதனால் குவைத்தில் லீவு நாளான வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும் எனக்கு மத்தியானச் சாப்பாடு செல்வசிங் வீட்டில்தான். அந்த நேரத்துக்குத்தான் ஷிபின் போன் பண்ணுவான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எல்லோரும் பேசிக்கொண்டே சாப்பிடுவோம். 2007 கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவன், "அண்ணே, நான் எலெக்‌ஷன்ல நிக்கப்போறேன்" என்றான்.

"அங்கயும் சபைக் கமிட்டி எலெக்‌ஷன் உண்டா?" என்று கேட்டான் செல்வசிங்.

"சபை இல்லண்ணே, கவுன்சில். ஊரு நிர்வாகம் செய்யுத கவுன்சில்."

"பாஸ்போர்ட்டு மாத்திட்டியா?"

"இல்லண்ணே, இந்தியா பாஸ்போர்ட்டுதான். நிரந்தரமா தங்குததுக்கு ஸ்டாம்ப் அடிச்சிட்டாங்க. காமன்வெல்த் நாட்டுக்காரன் இங்க குடியிருந்தா ஓட்டுப் போடலாம். இந்த மாதிரி ஸ்டாம்ப் இருந்தா கவுன்சிலுக்கு நிக்கவும் செய்யலாம்."

"அப்போ நீ ஓட்டுப் போட்டிருக்கியா?"

"மூணு தடவை போட்டாச்சு. அட்டை வீட்டுக்கே தபால்ல வந்துரும்."

செல்வசிங் தட்டில் பாதிச் சோறு கிடக்க எழுந்து கை கழுவப் போய்விட்டான். "வயிறு சரியில்ல" என்றான். இன்பமணி என்னைப் பார்த்தாள். எங்களுக்குத் தெரியாதா, எந்த இடம் சரியில்லை என்று. உண்மையைச் சொன்னால், அவன் அப்படிப் பாதியில் எழுந்ததைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

வெறுத்துப்போய் விட்டுவிடுவான் என்று நினைத்தேன். நேர்மாறாக, அடுத்த வெள்ளிக்கிழமை முதல் ஷிபினைக் கேள்விமேல் கேள்வி கேட்டுக் குடைய ஆரம்பித்தான். பொறாமைக்காரன் மாதிரி அக்கறையாகப் பாடம் கேட்கிறவன் உலகத்தில் கிடையாது. சர்வீஸ் சீட்டுகளின் பின்பக்கம் நான்தான் எழுதிக்கொண்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

நான் எழுதிவைத்தது இது. ஷிபின் இருந்த கவுண்டியில், அதாவது நம்ம கணக்குக்கு ஜில்லாவில், அதுவரை நிர்வாகம் இரண்டு அடுக்கு. மேலே ஒரு கவுண்டி கவுன்சில், கீழே ஐந்து டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். பள்ளிக்கூடம், ரோடு, நூலகம், வயசானவர்களைக் கவனிப்பது மேலே உள்ளவர்கள் பொறுப்பு. வீடு கட்ட அனுமதி, வீடில்லாதவர்களுக்கு வீடு, நீச்சல்குளம் கீழே உள்ளவர்கள் பொறுப்பு. வீட்டு வாசலில் குப்பையை எடுப்பது கீழே, எடுத்த குப்பையை ஒழிப்பது மேலே. எதற்கு யாரிடம் போவது என்று ஜனங்களுக்குத் தெரியாது. லண்டன் அரசாங்கம், விருப்பமுள்ள இடங்களில் இரண்டையும் ஒன்றாக்கலாம், திட்டம் எழுதி அனுப்புங்கள் என்றது. கவுண்டி அனுப்பியது. டிஸ்ட்ரிக்ட்டுகள் கத்தின. யார் தன் நாற்காலியைத் தானே விட்டு எழுந்திருப்பான்? அரசாங்கம் எல்லோரிடமும் கருத்துக் கேட்டது. பிறகு பார்லிமெண்டில் வைத்து ஓர் உத்தரவு: 2009 ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல் பழைய இரண்டு அடுக்கும் கிடையாது, எல்லா வேலைக்கும் ஒரே கவுன்சில். அதன் பெயர் யூனிட்டரி.

புதுக் கவுன்சிலுக்குத் தேர்தல் மட்டும் முந்தின வருஷமே, 2008 மே மாதம். ஜெயித்தவர்கள் பதினொரு மாதம் நிழல் கவுன்சிலாக உட்கார்ந்து சட்டதிட்டம் எழுத வேண்டும், தலைமை அதிகாரியைப் பிடிக்க வேண்டும், பழைய ஆபீஸ்களின் ஆட்களையெல்லாம் ஒரே ஆபீஸாகச் சேர்க்க வேண்டும். அதுவரை பழையது ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிற ஏசியை நிறுத்தாமலே பக்கத்தில் புது ஏசியை மாட்டுகிற மாதிரி. இது செல்வசிங்குக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

"அப்போ தலைவரை யாரு எடுக்கது? ஜனங்களா?" என்று கேட்டான்.

"இல்லண்ணே. ஜனங்க அவங்கவங்க வார்டுக்கு மெம்பரை எடுப்பாங்க. மெம்பருங்க கூடித் தலைவரை எடுப்பாங்க. தலைவர் ஒரு கேபினட் வச்சிக்கிடுவாரு, பத்துப் பேருக்கு மேல கூடாது. ஒருத்தருக்கு ரோடு, ஒருத்தருக்குப் பள்ளிக்கூடம். மிச்சம் உள்ள நாங்க அவங்களைக் கேள்வி கேக்கணும். பட்ஜெட்டும் வரியும் மட்டும் மொத்தச் சபையும் உக்காந்துதான் முடிவு பண்ணும்."

"கழுத்துல சங்கிலி போட்டுட்டு ஒருத்தரு நிக்காரே, நீ அனுப்பின படத்துல?"

"அது சேர்மன். கூட்டம் நடத்துவாரு, விழாவுக்குப் போவாரு. அவருக்கு வேற அதிகாரம் இல்ல. அன்றாட வேலை எல்லாம் சம்பளத்துக்கு இருக்க அதிகாரிங்கதான் செய்வாங்க."

போனை வைத்ததும் செல்வசிங், "கேசிங் ஸ்க்ரூவையும் ஃபேன் ஸ்க்ரூவையும் மாத்தி மாட்டினவன் இன்னைக்கு எனக்கு அரசாங்கம் சொல்லித் தாரான்" என்றான்.

மே மாதம் வந்தது. குவைத்திலும் அப்போது பார்லிமெண்ட் தேர்தல். வேட்பாளர்கள் காலியிடங்களில் பெரிய பெரிய கூடாரம் அடித்து, கம்பளம் விரித்து, வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து போடுவார்கள். அந்த வெயிலில் கூடாரத்துக்கு ஏசி இல்லாமல் ஒரு ஆள் வரமாட்டான். எங்களுக்கு வெள்ளிக்கிழமையும் டூட்டி. செல்வசிங் ஏணிமேல் நின்று குளிர்காற்று போகிற டக்ட்டை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது இன்பமணியிடமிருந்து போன். ஷிபின் ஜெயித்துவிட்டான், நாற்பத்து மூன்று ஓட்டு வித்தியாசம்.

"நல்லாயிருக்கட்டும்" என்றான் செல்வசிங். சொல்லிவிட்டு ஒரு போல்ட்டைத் திருகினான். திருகிக்கொண்டே இருந்தான். போல்ட்டின் மரை தேய்ந்து போய்விட்டது. கீழே இறங்கி வந்து கம்பளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தான். "அங்க அவன் ஓட்டு வாங்குதான். இங்க குவைத்திக்காரன் ஓட்டுப் போடுததுக்கு நாம காத்து அடிக்கோம்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கே அன்றைக்கு மட்டும் பாவமாகிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்றான். "நம்ம சபைக்கும் ஒரே கமிட்டி போதும்" என்றான்.

எங்கள் சபையிலும் இரண்டு அடுக்குத்தான் இருந்தது. ஃபஹாஹீல், மங்காஃப், அபுஹலீஃபா, அஹ்மதி என்று நாலு ஜெபக்குழு, நாலுக்கும் தனித்தனிக் கமிட்டி. மேலே ஒரு மத்தியக் கமிட்டி. பதினொரு வருஷமாக அதற்கு அருமைநாயகம் என்ற அக்கவுண்டன்ட்தான் செயலாளர். வீட்டு ஜெபம், ஆஸ்பத்திரி சந்திப்பு ஜெபக்குழுவுக்கு. ஹால், ஞாயிறு பள்ளி, கிறிஸ்துமஸ் மத்தியக் கமிட்டிக்கு. கிறிஸ்துமஸ் அன்று டீ போடுவது ஜெபக்குழு, கப் கொண்டுவருவது மத்தியக் கமிட்டி. ஒரு வருஷம் கப் வரவே இல்லை. அதையெல்லாம் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். முந்தின வருஷம் மங்காஃபில் ஒரு கொத்தனார் நெஞ்சுவலியில் போய்விட்டார். உடம்பை ஊருக்கு அனுப்ப வேண்டிய எம்பஸி பேப்பரை மேலே உள்ளவர்கள் பார்ப்பார்கள் என்று கீழேயும், கீழே உள்ளவர்கள் பார்ப்பார்கள் என்று மேலேயும் இருந்ததில் உடம்பு ஒன்பது நாள் ஆஸ்பத்திரி ஐஸ் பெட்டியில் கிடந்தது. ஊரில் அவர் மனைவி ஒன்பது நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வசிங் அன்றைக்கு எழுந்து நின்று இந்த ஒன்றைத்தான் சொன்னான். 

பொறாமையில் ஆரம்பித்தான் என்றாலும் விஷயம் நியாயம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கொத்தனாரின் பேப்பரைக் கடைசியில் எழுதி, எம்பஸி வரிசையில் மூன்று நாள் நின்று முடித்தவன் நான். செல்வசிங் அதைச் சொல்லும்போது, "நாங்க முடிச்சோம்" என்றான். வெளியே வந்ததும் ஜனங்கள் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம். ஐயரிடம் திட்டம் போனது. எழுதியது நான், கையெழுத்துப் போட்டது அவன். இங்கிலாந்தில் நடந்த ஒவ்வொன்றும் இங்கேயும் நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். ஒரு மாதம் கருத்துக் கேட்பு. ஐயர் கையால் உத்தரவு. நவம்பரில் பதின்மூன்று மெம்பர்களுக்குத் தேர்தல். அதன்பிறகு நிழல் கமிட்டி. 2009 ஏப்ரல் ஒன்று முதல் ஒரே கமிட்டி. "அது புதன்கிழமை, எல்லாருக்கும் டூட்டி, முட்டாள்கள் தினம் வேற" என்றார் அருமைநாயகம். "ஷிபின் கவுன்சிலும் அன்னைக்குத்தான்" என்று அவன் ஒரு நாள்கூடத் தள்ளிவைக்கச் சம்மதிக்கவில்லை. அருமைநாயகம் கீழே குனிந்து சிரித்துக்கொண்டார்.

தலைவரை மெம்பர்கள் எடுக்க வேண்டும் என்ற விதியையும் அவனே எழுதச் சொன்னான். தலைவர் அவன்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. வேனில் போகும்போதெல்லாம் பேச்சு அதைப் பற்றித்தான். "ஆயுசுல ஒரு தடவை ஜனங்க என் பேரைச் சொல்லி எடுக்கணும்டே. அதுக்குப் பொறகு நான் ஊருக்குக் கிளம்பிருவேன்" என்பான். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவனுக்கு அது வேண்டும், சாப்பாடு வேண்டும் என்கிற மாதிரி வேண்டும்.

ஒரே ஓர் இடத்தில் இங்கிலாந்தை விட்டு விலகினோம். அங்கே மெம்பர்கள் கையைத் தூக்கித்தான் தலைவரை எடுப்பார்கள் என்று ஷிபின் சொன்னான். எங்கள் ஆட்களுக்கு அது ஒத்துவரவில்லை. ஊரில் சபைத் தேர்தல் என்றால் அணி அணியாகப் பிரிந்து, சம்பந்திகூடப் பேசாமல் போய்விடுவான். இங்கேயோ ஒரே பில்டிங், ஒரே வேன், ஒரே சமையலறை. கையைத் தூக்கிவிட்டு மறுநாள் எப்படி முகத்தைப் பார்ப்பது? "சீட்டுத்தான்" என்றார்கள். செல்வசிங்கும் சீட்டைத்தான் விரும்பினான். அருமைநாயகத்துக்குப் பயந்து கையைத் தூக்காதவன்கூடச் சீட்டில் தனக்கு எழுதுவான் என்று கணக்குப் போட்டான்.

நவம்பரில் மெம்பர் தேர்தல். ஃபஹாஹீலில் செல்வசிங்குக்கு எழுபத்தொரு ஓட்டு. நாலு இடத்திலும் சேர்த்து அதுதான் அதிகம். ஐயர் அறிவித்ததும் கைதட்டல் அடங்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. நான் நின்றது என் ஜெபக்குழுவான மங்காஃபில், எனக்குப் பத்தொன்பது. கடைசி இடத்துக்கு என்னோடு நின்று தோற்றவரைவிட ஒன்று கூட. என் பெயரைப் படித்தபோது ஹாலில் பிள்ளைகள் பிஸ்கட் கவரைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. ஒன்பது நாள் பெட்டியில் கிடந்தது மங்காஃப் ஆள். எம்பஸியில் நின்றது மங்காஃப் ஆள். பத்தொன்பது. எனக்கு நெஞ்சு எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

டிசம்பரில் பதின்மூன்று பேரும் தலைவரை எடுக்கக் கூடினோம். போட்டி செல்வசிங்குக்கும் அருமைநாயகத்துக்கும். ஐயர் ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். நான் மூலையில் போய் நின்று பேனாவைத் திறந்தேன். செல்வசிங் என்று எழுதத்தான் திறந்தேன். சத்தியமாக அப்படித்தான். கதவைத் திறந்த அந்தக் குவைத்தி அம்மாமார் எல்லோரும் என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு கண்ணுக்குள் வரிசையாக வந்து நின்றார்கள். அருமைநாயகம் என்று எழுதினேன். என் அழகான கையெழுத்து தெரியாமலிருக்கக் கோணலாக எழுதினேன். கையைத் தூக்கச் சொல்லியிருந்தால் செல்வசிங்குக்கு எழும்பும் முதல் கை என்னுடையதாக இருந்திருக்கும்.

ஏழுக்கு ஆறு. அருமைநாயகம்.

செல்வசிங் எழுந்துபோய் அவருக்குக் கை கொடுத்தான். எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தான். எனக்கும் கொடுத்தான். ஜெபம் முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் அவனுக்குக் கால் சரியாக நுழையாமல் தடுமாறியதைப் பார்த்தேன்.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். சாப்பிட உட்காரும்போதே போன் அடித்தது. "அண்ணே, தலைவராயாச்சா?" என்றான் ஷிபின். இன்பமணி ஸ்பீக்கரை அணைக்கப் போனாள். செல்வசிங் வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

"இல்லடே. ஒரு ஓட்டுல போச்சு."

ஷிபின், "நானும் கேபினட்ல ஒண்ணும் இல்லண்ணே. சும்மா மெம்பர்தான். தெருவிளக்கு எரியல, ரோட்டுல குழின்னு லெட்டர் எழுதிட்டுக் கிடக்கேன். உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீங்க வேன்ல என்னைத் திட்டுவிய பாத்தியளா, அதே மாதிரி இங்க கட்சிக்காரன் திட்டுதான்" என்றான்.

செல்வசிங் சிரித்துவிட்டான். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். ஒரு வருஷமாக அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. "கேள்வி கேக்குத வேலைதானடே நமக்கு ரெண்டு பேருக்கும். நல்லாக் கேப்போம்" என்றான். போனை வைத்துவிட்டு, "அந்தப் பயமேல எனக்கு இருந்த எரிச்சல் எல்லாம் இந்தா போயிட்டு" என்று இன்பமணியிடம் சொன்னான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

"அஞ்சு பேரு வேதத்துல கையை வச்சி எனக்குப் போடுதேன்னு சொன்னாங்கடே. உன்னோடதும் என்னோடதும் சேத்தா ஏழு. சரியா இருந்துச்சு. அதுல ஒருத்தன் மாத்திட்டான்."

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"அபுஹலீஃபா எமர்சனாத்தான் இருக்கும். டீ குடுக்கும்போது என் மூஞ்சியைப் பாக்கல. அவன் பிள்ளை ஞானஸ்நானத்துக்கு நான்தான் ஞானத்தகப்பன். இனி அவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்."

எமர்சன் எனக்குத் தெரிந்து பொய் சொல்லாத மனுஷன். அவன் முகத்தைப் பார்க்காதது, செல்வசிங் தோற்றதைப் பார்க்கத் தாங்காமல். எனக்கு அது தெரியும்.

"எல்லார்கிட்டயும் ரெண்டு மூணு தடவை போயி கேட்டேன்" என்றான் செல்வசிங். "உன்கிட்ட மட்டும் கேக்கல. கேட்டா நீ வருத்தப்படுவேன்னு தோணிச்சி."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் ஏதாவது சொல்வேன் என்று.

"எமர்சனாத்தான் இருக்கும்" என்றேன்.